வீட்டில் மெழுகுவர்த்தி வார்க்கப் பழகுவோருக்கு

மெழுகை உருக்கி, நடுவே திரி நிற்கும் குவளையில் ஊற்றி ஆறவைத்தால் மெழுகுவர்த்தி ஆகிவிடும். ஒரு பிற்பகலில் எவரும் அதைச் செய்துவிடலாம். ஆனால் அப்படி வார்த்தது, ஏற்றியபின் நடுவில் குழி விழுந்து அணைந்துபோகிறதா, புகைந்து கண்ணாடியைக் கருக்குகிறதா, கடைசிவரை ஒரே சீராக எரிகிறதா என்பது வேறு சேதி. வாங்குபவர் நிறத்தையும் மணத்தையும் பார்த்து வாங்குகிறார். வார்ப்பவருக்கோ தன் வேலையின் தரம் அது எரியும்போதுதான் தெரியவரும். ஆகையால் இக்கட்டுரை அலங்காரத்தைப் பின்னுக்குத் தள்ளி, மெழுகு, திரி, பாத்திரம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

எரிவது எது?

திரி எரிவதாகத் தோன்றினாலும், உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. சுடரின் சூட்டில் உருகிய மெழுகு, திரியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே தானாக மேலேறி நுனியில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில் ஒரு தீக்குச்சியைக் காட்டினால், குச்சி திரியைத் தொடும் முன்பே தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்வதைக் காணலாம். ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக 1860-61இல் நிகழ்த்திய உரைகளில் செய்துகாட்டிய சோதனை இது. வீட்டில் பிள்ளைகளோடு மெழுகுவர்த்தி செய்வோர் தாமும் ஒருமுறை செய்துகாட்டலாம்.

இந்த இயக்கத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் எதிர்ப்படும் குறைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் தானே விளங்கிவிடும். சுடர் எரித்துத் தீர்க்கக்கூடிய அளவைவிட அதிகமான மெழுகைத் திரி மேலேற்றினால் கரி படிகிறது. அதைவிடக் குறைவாக ஏற்றினால் சுடர் சிறுத்து, தன்னைச் சுற்றித் தேங்கிய மெழுகிலேயே மூழ்கி அணைகிறது.

மெழுகைத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பது பாரபின் மெழுகு. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெறப்படும் பொருள் இது. சென்னை மணலியிலும் அசாமின் டிக்பாயிலும் உள்ள சுத்திகரிப்பு ஆலைகள் இதை உற்பத்தி செய்கின்றன. ரசாயனப் பொருள்களை மொத்தமாக விற்கும் கடைகளில் இது வெண்பாளங்களாகக் கிடைக்கும். பாளத்தின் மீதோ சாக்கின் மீதோ 58-60 என்பது போன்ற எண்கள் இருக்கும். அவை உருகுநிலையை டிகிரி செல்சியஸில் குறிப்பவை. எண் கூடினால் மெழுகு கடினமானது என்று பொருள்.

சோயா மெழுகு, சோயா எண்ணெயை ஹைட்ரஜனேற்றம் செய்து கெட்டியாக்கியது. குவளையில் ஊற்றுவதற்கென விற்கப்படும் வகை பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டி உருகும். பாத்திரத்தைக் கழுவுவது எளிது, மணத்தையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், மேற்பரப்பு பாலேடு போல மழமழப்பாக அமையும் என்பதால் பொழுதுபோக்காகச் செய்வோர் இதை விரும்புகின்றனர். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், மெதுவாக எரியும், தனக்கே உரிய மணம் கொண்டது, விலையும் அதிகம். தேன்மெழுகு என்ற பெயரில் பாரபின் கலந்து விற்பதும் உண்டு என்பதால், தேன் எடுப்போரிடமிருந்து நேரடியாக வாங்க முடிந்தால் நல்லது.

எதைக் கொண்டு தொடங்குவது? இங்கே நம் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் காணும் செய்முறைகளில் பல, 20 டிகிரி வெப்பமுள்ள அறையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வேலூரிலோ திருச்சியிலோ, 50 டிகிரியில் உருகும் மென்மையான சோயா மெழுகு பகல் முழுதும் தளர்ந்தே கிடக்கும்; மணஎண்ணெய் சேர்த்திருந்தால் மேற்பரப்பில் துளித்துளியாக வியர்க்கும். அதனால் 58-60 வகைப் பாரபினைக் கொண்டு தொடங்குவதே என் பரிந்துரை. மலிவானது, விரைவில் ஆறும், குறைகளை ஒளிக்காமல் காட்டும். அது கைவந்தபின், பாரபினில் மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதியளவு சோயாவைக் கலந்து பார்க்கலாம். பாரபினின் உறுதியும் சோயாவின் மழமழப்பும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கும்.

மெழுகு வாங்கவே வழியில்லை என்றால், மளிகைக் கடையில் விற்கும் வெள்ளை மெழுகுவர்த்திகளை உடைத்து, உருக்கி, பழைய திரிகளை எடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். அழகுக்கு உதவாவிட்டாலும் கை பழக உதவும்.

பாரபின் நஞ்சு, சோயா தூய்மை என்ற விற்பனைப் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எந்த மெழுகானாலும் திரி பொருந்தாமல் எரிந்தால் கரி கக்கும்; பொருந்தி எரிந்தால் சுவரும் கூரையும் சுத்தமாக இருக்கும்.

திரி

புதியவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், மெழுகுவர்த்தியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதும் திரிதான். வீட்டில் பூசைக்கு வைத்திருக்கும் பஞ்சுத் திரியைப் போட்டால் என்ன என்று பலர் கேட்கின்றனர். அகல் விளக்கில் திரியின் பெரும்பகுதி எண்ணெயில் நனைந்து கிடக்க, நுனி மட்டும் விளிம்பில் எரிகிறது. கருகிய நுனியை நாம் அவ்வப்போது தட்டிவிட்டு, திரியை இழுத்துவிடுகிறோம். மெழுகுவர்த்தியில் அந்த வேலையைத் திரி தானே செய்துகொள்ள வேண்டும். முறுக்கிய திரி நேராக நின்று, கருகிய நுனி சுடரின் நடுவிலேயே தங்கி, நீண்டுகொண்டே போய்ப் புகையும். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே தொல்லை இருந்தது. மெழுகுவர்த்தித் திரியை நறுக்குவதற்கென்றே தனிக் கத்தரிக்கோல்கள் வைத்திருந்தனர். 1825ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சைச் சேர்ந்த காம்பாசெரே என்பவர் பருத்தி இழைகளைச் சடையாகப் பின்னித் திரியாக்கினார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, நுனி சுடரின் வெளிவிளிம்பை எட்டி, அங்கே காற்றும் வெப்பமும் மிகுந்திருப்பதால் முழுமையாக எரிந்து சாம்பலாகிவிடுகிறது. இன்று நாம் வாங்கும் திரிகள் இந்த வழியில் வந்தவையே. ஆகவே வாங்கும்போது, பின்னப்பட்ட பருத்தித் திரி என்பதை விரலால் பிரித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சில திரிகளின் நடுவே, நிமிர்ந்து நிற்பதற்காக மெல்லிய உலோகக் கம்பி இருக்கும். ஈயக் கம்பி கொண்ட திரிகளுக்கு அமெரிக்கா 2003இல் தடை விதித்தது. இப்போது துத்தநாகமோ வெள்ளீயமோ பயன்படுகிறது. கையில் உள்ள திரியில் ஐயம் இருந்தால், கம்பியை வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்க்கலாம். பென்சில் கீற்றைப் போலச் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அதைத் தூர எறிந்துவிடுவது நல்லது. கம்பியில்லாத பருத்தித் திரியே போதுமானது என்பதால் இந்தக் கவலையை முழுவதுமாகவே தவிர்க்கலாம்.

திரியின் பருமனை இழைகளின் எண்ணிக்கையாலோ, தயாரிப்பாளர் கொடுக்கும் வரிசை எண்ணாலோ குறிப்பிடுவர். குவளையின் உள்விட்டம் பெரிதாகப் பெரிதாகத் திரியும் பருக்க வேண்டும். இதற்கென விற்பனையாளர் தரும் அட்டவணை ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. மெழுகு மாறினால், மணம் சேர்த்தால், பாத்திரம் மாறினால் கணக்கும் மாறிவிடும். ஆகையால் ஒரே அளவை நிறைய வாங்குவதைவிட, அட்டவணை சொல்லும் அளவையும் அதற்கு ஒரு படி கீழும் ஒரு படி மேலுமாக மூன்று அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது அறிவுடைமை. உள்விட்டம் 9 அல்லது 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் ஒரு திரி போதாது. இரண்டோ மூன்றோ வேண்டும். தொடக்கத்தில் அவ்வளவு அகலமான பாத்திரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பாத்திரம்

சுமார் 7 சென்டிமீட்டர் உள்விட்டமும் 200 மில்லிலிட்டர் கொள்ளளவும் கொண்ட, நேரான பக்கங்களும் தடித்த அடியும் உள்ள கண்ணாடிக் குவளை பழகுவதற்கு ஏற்றது. சூடான தேநீர் ஊற்றினாலே விரிசல் விடும் மெல்லிய கண்ணாடி ஆகாது. வாய் குறுகி வயிறு அகன்ற சீசாவில் வெப்பம் உள்ளேயே தேங்கும். எவர்சில்வர் டம்ளர் உடையாது என்றாலும், எரியும்போது வெளிப்புறம் கையில் பிடிக்க முடியாதபடி சுடும். படங்களில் அழகாகத் தோன்றும் கொட்டாங்கச்சி தானே எரியக்கூடிய பொருள்; திரி சாய்ந்து ஓரத்தைத் தொட்டால் சிரட்டையும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். அதை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, ஏற்றுவதற்கு வேறு பாத்திரம் தேடுவது உத்தமம்.

பாதுகாப்பும் கருவிகளும்

பாரபின் மெழுகின் ஆவி 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தீப்பற்றக்கூடியது. பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைத்தால் அந்த வெப்பத்தை மெழுகு வெகு விரைவில் எட்டிவிடும். அது கொதிக்கவும் செய்யாது, எச்சரிக்கவும் செய்யாது. எனவே ஒரு பெரிய பாத்திரத்தில் நீர் ஊற்றி, அதனுள் மெழுகுப் பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும், மெழுகுக்குள் நீர் தெறிக்காமல் காப்பதும் அவசியம். திறந்த சுடர் இல்லாத இண்டக்ஷன் அடுப்பு, கேஸ் அடுப்பைவிடப் பாதுகாப்பானது.

மெழுகு பற்றிக்கொண்டால் எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஊற்றக்கூடாது. நீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறுக மூடிபோட்டு மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். பொருத்தமான மூடியை எடுத்து அருகில் வைத்துக்கொண்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பது என்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். உருகும் மெழுகை விட்டுவிட்டு, கைப்பேசி அழைப்புக்காகக்கூட அடுத்த அறைக்குப் போகலாகாது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. மூக்குள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, அதை உள்ளடக்கும் பெரிய பாத்திரம் ஒன்று, ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, 100 டிகிரிக்கு மேல் அளக்கும் சமையல் வெப்பமானி, திரியை நிறுத்தும் சிறு உலோக அடித்தகடுகள், திரியின் மேல்நுனியைப் பிடித்துவைக்க ஐஸ்கிரீம் குச்சிகளோ துணி மாட்டும் கிளிப்புகளோ போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்குப் பயன்படாது. மெழுகுக்கென எடுத்த பாத்திரத்தை மீண்டும் சமையலுக்குச் சேர்க்க வேண்டாம்.

முதல் வார்ப்பு

குவளையை எந்த மட்டம்வரை நிரப்பப் போகிறோமோ அந்த மட்டம்வரை நீர் ஊற்றி, அந்த நீரை மட்டும் எடைபோட வேண்டும். மெழுகின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால், நீரின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு மெழுகு தேவைப்படும். 200 கிராம் நீர் பிடித்தால் 180 கிராம் மெழுகு. இரண்டாம் முறை ஊற்றுவதற்காக 20 கிராம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் குவளையை ஈரம் துளியும் இல்லாதபடி துடைத்து உலர்த்த வேண்டும்.

திரியைக் குவளையின் உயரத்தைவிட 5 சென்டிமீட்டர் நீளமாக நறுக்கிக்கொள்ள வேண்டும். மெழுகு உருகியதும் திரியை அதில் முக்கி, காற்றுக் குமிழிகள் வருவது நிற்கும்வரை வைத்திருந்து எடுத்து, செய்தித்தாளின் மீது நேராக நீட்டி ஆறவிட்டால் அது விறைத்து நிற்கும். இழைகளுக்கிடையே இருந்த காற்றும் ஈரமும் வெளியேறிவிடுவதால் முதல்முறை ஏற்றும்போது தடுமாறாமல் பற்றும். ஏற்கெனவே மெழுகு பூசிய திரியாக இருந்தால் இந்த வேலை இல்லை. திரியின் அடியைத் தகட்டில் செருகி, தகட்டின் கழுத்தைக் குறடால் நெருக்கி, குவளையின் நட்டநடுவில் ஒரு துளி உருகிய மெழுகாலோ வெப்பம் தாங்கும் பசையாலோ ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து சற்றே விலகினாலும் ஒரு பக்கம் அளவுக்கு மீறிச் சூடேறி, மறுபக்கம் மெழுகு உருகாமல் நிற்கும். ஆகவே இந்த இடத்தில் அவசரம் கூடாது.

மெழுகை 80 முதல் 85 டிகிரி வரை சூடேற்றி, முழுவதும் தெளிந்தபின் அடுப்பிலிருந்து இறக்கி, பாத்திரத்தின் அடியில் உள்ள நீரைத் துடைத்துவிட வேண்டும். பாரபின் 70 முதல் 75 டிகிரிக்கு இறங்கியதும் குவளையின் ஓரமாக, ஒரே சீராக, மெதுவாக ஊற்ற வேண்டும். சோயா மெழுகை 55 முதல் 60 டிகிரி வரை ஆறவிட்டு ஊற்றுவது வழக்கம். ஊற்றுவதற்கு முன் குவளையை வெந்நீரின் ஆவி படாமல், வெயிலிலோ சூடான இடத்திலோ வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் மெழுகு கண்ணாடியோடு நன்றாக ஒட்டும். ஊற்றியபின் இரு குச்சிகளுக்கு இடையே திரியைப் பிடித்து நேராக நிறுத்த வேண்டும்.

இனி மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் வீடுகளில் விசிறி சுழல்வது இயல்பாகிவிட்டதால் இது பலருக்கும் மறந்துபோகிறது. மேலிருந்து காற்று பட்டால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் மெழுகு அதை இழுத்து வெடிக்கவைக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவாக ஆறவைப்பதும் இதே விளைவைத் தரும்.

பாரபின் ஆறும்போது கணிசமாகச் சுருங்கும். திரியைச் சுற்றிப் பள்ளம் விழுவது தவறன்று, அதன் இயல்பு. ஆனால் மேலே தெரியும் பள்ளத்தைவிட, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உருவாகும் வெற்றிடமே கேடு விளைவிப்பது. சுடர் அந்த இடத்தை எட்டும்போது உருகிய மெழுகெல்லாம் திடீரென உள்ளே வடிந்துவிடும். மேற்பரப்பில் ஆடை கட்டி, உள்ளே இன்னும் இளகியிருக்கும் நிலையில், திரியை ஒட்டி மூன்று நான்கு இடங்களில் ஒரு மெல்லிய கம்பியால் ஆழமாகக் குத்திவிட வேண்டும். முற்றிலும் இறுகியபின், எடுத்து வைத்த மெழுகை முதல்முறையைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடாக்கி, முதல் மட்டத்தைத் தாண்டாமல் ஊற்றிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். சோயாவுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாம் ஊற்று தேவைப்படுவதில்லை.

மிஞ்சிய மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். சூட்டோடு செய்தித்தாளால் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு பாத்திரத்தைக் கழுவ வேண்டும்.

சோதனை எரிப்பு

பாரபினுக்கு ஒரு நாளேனும், சோயாவுக்கு ஒன்று முதல் இரண்டு வாரமும் ஓய்வு கொடுத்தபின் சோதிக்க வேண்டும். திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்கி, விசிறியும் ஏ.சி.யும் ஓடாத அறையில், எரியாத தட்டின் மீது வைத்து ஏற்றி, ஒரு மணிக்கொருமுறை குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். திரியைச் சுற்றி உருகித் தேங்கும் மெழுகுக் குளம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், சுடர் அமைதியாக நிற்கிறதா, திரி நுனியில் காளான் போலக் கரி திரள்கிறதா, கண்ணாடி தொடக்கூடிய சூட்டில் இருக்கிறதா ஆகியவை குறிக்கத்தக்கவை. விட்டத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. 7 சென்டிமீட்டர் குவளையில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் குளம் ஓரத்தை எட்டி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் திரி பொருத்தம் என்று கொள்ளலாம். நான்கு மணி நேரத்தில் அணைத்து, முழுதும் ஆறவிட்டு, திரியை நறுக்கி மறுபடியும் ஏற்ற வேண்டும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு எஞ்சும்வரை இதைத் தொடர வேண்டும்.

முதல் எரிப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் இங்கே பரவலாக நடக்கும் பிழை. மேல்மட்டத்தில் எரியும்போது சூடு வெளியே போய்விடுகிறது. சுடர் குவளைக்குள் இறங்க இறங்கக் கண்ணாடிச் சுவர் வெப்பத்தைத் தேக்குவதால், அதே திரி அதிக மெழுகை உருக்கத் தொடங்கும். மேலே சற்று மந்தமாகத் தோன்றி ஓரத்தில் மெல்லிய படலம் விட்டுவைத்த திரி, பாதிக்குக் கீழே மிகச் சரியாக அமைவதும், மேலே அட்டகாசமாக எரிந்த திரி அடியில் கண்ணாடியைப் பொசுக்குவதும் இதனால்தான். ஐயம் வரும்போது சிறிய திரியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடுவில் குழி விழுந்து ஓரத்து மெழுகு சுவராக நின்றால் திரி சிறியது. அல்லது முதல்முறை ஏற்றியபோது குளம் ஓரத்தை எட்டும் முன்பே அணைத்திருக்கிறோம். ஒருமுறை விழுந்த குழியின் வழியே அடுத்தடுத்த எரிப்பும் செல்லும் என்பதால் முதல் எரிப்பில் பொறுமை அவசியம். சுடர் உயர்ந்து துடித்துப் புகைந்தால், திரி நீளமாக இருக்கிறதா, காற்று அடிக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இரண்டும் இல்லையெனில் ஒரு படி சிறிய திரிக்கு மாற வேண்டும். சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கி அணைந்தால் திரி சிறியதாகவோ, நிறப்பொடியால் அடைபட்டதாகவோ இருக்கலாம்.

கண்ணாடிக்கும் மெழுகுக்கும் இடையே ஈரத்திட்டுப் போலத் தெரிவது, சுருங்கும்போது மெழுகு அங்கே விலகிவிட்டதன் அடையாளம். சோயாவின் மேல் பூக்கும் வெண்படலம் அதன் படிகங்கள். இவ்விரண்டும் எரிவதைப் பாதிப்பதில்லை; இவற்றோடு மல்லுக்கட்டி மாதக்கணக்கை வீணாக்குவோரைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது.

மேம்படுத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். திரியையும் மணத்தின் அளவையும் ஒன்றாக மாற்றிவிட்டு, விளைவு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று அறிய வழியிருக்காது. ஒவ்வொரு குவளையின் அடியிலும் எண் ஒட்டி, குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே மெழுகின் வகை, எடை, திரியின் அளவு, ஊற்றிய வெப்பம், தேதி, அன்றைய வெயில் ஆகியவற்றை எழுதிவைக்கலாம். கார்த்திகையில் சரியாக வந்த கலவை சித்திரையில் ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கு அந்தக் கடைசிக் குறிப்பே விடை சொல்லும்.

மணமும் நிறமும்

மணமில்லாத வெள்ளை மெழுகுவர்த்தி சீராக எரியத் தொடங்கியபின்பே மணத்துக்குப் போக வேண்டும். மெழுகுவர்த்திக்கென விற்கப்படும், எண்ணெயில் கரையும் மணஎண்ணெயையே வாங்க வேண்டும். உடலில் தெளிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருப்பதால் அது ஆபத்தானது. மெழுகின் எடையில் 6 விழுக்காடு நல்ல தொடக்கம்: 170 கிராம் மெழுகுக்கு 10 கிராம் எண்ணெய். சோயா 8, 10 விழுக்காடு வரை தாங்கக்கூடும். பாரபின் அவ்வளவு தாங்காது, மிஞ்சிய எண்ணெயை வெளியே தள்ளிவிடும். அளவைக் கூட்டினால் மணம் கூடும் என்ற எண்ணம் ஓர் எல்லைக்கு மேல் பொய்த்துப்போகிறது. திரி எண்ணெயால் திணறி, சுடர் தளர்ந்து, மணம் குறையவே செய்யும். எண்ணெயை எடைபோட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய மெழுகில் ஊற்றி, இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும்.

ஊட்டியில் வாங்கிவந்த நீலகிரித் தைலத்தைச் சேர்க்க ஆசைப்படுவோர், அது 50 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை வெளியிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சூடான மெழுகில் ஊற்றினால் பாதி அப்போதே பறந்துவிடும். அருகில் சுடர் இருந்தால் விபரீதம். எலுமிச்சைப் புல் எண்ணெய் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். கற்பூரத்தைப் பொடித்துப் போடுவது வேண்டவே வேண்டாம். அது சடுதியில் பற்றுவதோடு கரியையும் கக்கும்.

நிறத்துக்கு எண்ணெயில் கரையும் சாயமே ஏற்றது. மிகச் சிறிய அளவே போதும். சமையல் நிறங்கள் நீரில் கரைபவை என்பதால் மெழுகில் சேராமல் அடியில் உருண்டு கிடக்கும். மஞ்சள்தூள், குங்குமம், பிள்ளைகளின் கிரேயான் ஆகியவற்றில் உள்ள துகள்கள் கரையாமல் திரியின் இடைவெளிகளை அடைத்துவிடும். உலர்ந்த ரோஜா இதழ்களையும் பட்டை, கிராம்பையும் மெழுகில் பதிப்பது படத்துக்கு நன்றாக இருக்கும்; சுடர் நெருங்கும்போது அவை ஒவ்வொன்றும் தனித்திரியாக எரியத் தொடங்கும்.

அச்சும் அகலும்

குவளையில் கை தேர்ந்தபின் அச்சில் வார்த்துத் தனித்து நிற்கும் மெழுகுவர்த்திகளைச் செய்யலாம். இதற்கு மெழுகு இன்னும் கடினமாக இருக்க வேண்டும். 60-62 வகைப் பாரபினுடன், கொழுப்பிலிருந்து பெறப்படும் மெழுகு போன்ற திடப்பொருளான ஸ்டியரிக் அமிலம் 10 விழுக்காடு சேர்த்தால் மெழுகு வெண்மையும் உறுதியும் பெறும். அச்சிலிருந்தும் எளிதில் கழலும். ஸ்டியரிக் அமிலம் செம்பையும் பித்தளையையும் அரித்துப் பச்சை நிறம் பிடிக்கவைக்கும் என்பதால் அந்தப் பாத்திரங்களில் உருக்கக்கூடாது. குடிசைத்தொழிலாக மெழுகுவர்த்தி செய்வோர் பயன்படுத்தும், இரு பாதிகளாகத் திறக்கும் அலுமினிய அச்சில், உட்புறம் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, திரியைக் கோத்து இழுத்துக் கட்டி, மூடிப் பூட்டி, 80 டிகிரிக்கு மேல் உள்ள மெழுகை ஊற்ற வேண்டும். எண்ணெய் மிகுந்தால் மெழுகின் மேல் கோடு கோடாகத் தெரியும். சிலிக்கான் அச்சுகளுக்கு எண்ணெயே தேவையில்லை.

கார்த்திகை தீபத்துக்கு மண் அகலில் மெழுகு ஊற்ற விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் புது அகலை நீரில் ஊறவைத்துக் காயவைப்பது நம் வழக்கம். மெழுகுக்கு அது பொருந்தாது. மண்ணில் தங்கிய ஈரம் சூடான மெழுகில் சடசடவென வெடித்துத் தெறிக்கும், பிறகு எரியும்போது திரியையும் திணறடிக்கும். ஊறவைக்காத, வெயிலில் நன்கு காய்ந்த அகலையே எடுத்துக்கொள்ள வேண்டும். சுடுமண் மெழுகை உறிஞ்சி வெளிப்புறத்தில் கசியவிடும் என்பதால், உள்ளே வெப்பம் தாங்கும் பூச்சு உள்ள அகலை வாங்குவதோ, அடியில் ஒரு தட்டு வைப்பதோ நல்லது. அகல் ஆழமற்றது, மெழுகு முழுவதும் ஒரே நேரத்தில் உருகிவிடும். திரி சாயாதிருக்க, கனமான அடித்தகட்டை நன்றாக ஒட்டியிருக்க வேண்டும்.

செய்தவற்றை வெயில் படாத அலமாரியில், தனித்தனியே தாளில் சுற்றி வைக்க வேண்டும். ஓட்டு வீட்டுப் பரணும் நிறுத்தி வைத்த காரும் கோடையில் மெழுகை வளைத்துவிடும். பிறருக்குக் கொடுக்கும்போது, திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்கவும், முதல்முறை மெழுகு ஓரம்வரை உருகும்வரை விடவும், ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம், விசிறிக்கும் திரைச்சீலைக்கும் விலகி வைக்கவும், அடியில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சியதும் நிறுத்தவும் என்று ஒரு சிறு சீட்டில் எழுதிக் குவளையின் அடியில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.